மலைமரங்களின் வகுப்பும் அவை விரும்பும் சீதோஷ்ணமும்
(சேலம், நாமக்கல் ஜில்லாக் குடியானவர்களுக்குரிய பாடம்)

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழை இறங்கியதும் சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் கிராமங்களில் மரக்கன்று நடும் வேலையும் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் வனப்பரப்பையும் மரப்பரப்பையும் 33 சதவீதமாக உயர்த்தவேண்டுமென்னும் நோக்கத்துடன் 2022-ம் வருஷத்தில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் ஆரம்பிக்கப்பட்ட பின்னர், இவ்வேலையில் குடியானவர்களுக்குள்ள ஊக்கம் மிகுந்திருக்கிறது. இது நல்ல காரியமே. ஆனால் சோளமோ கம்போ விதைத்தவன் தவறு செய்தால் அடுத்த பட்டத்தில் அதனைத் திருத்திக்கொள்ளலாம். மரம் வைத்தவனுக்கு அவ்வசதி இல்லை. நட்ட கன்று தனக்கு ஏற்ற இடத்தில் நடப்படவில்லை என்பது தெரிவதற்கே நாலைந்து வருஷங்கள் கடந்துவிடுகின்றன. அதற்குள் கிணற்று நீரும், கூலியும், நிலமும் வீணாகிவிடும். ஆகையால் ஒரு கன்றை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை அறிந்துகொள்ளுதல் அவசியம். ஒன்று, அம்மரம் இன்னதென்று ஐயமறத் தெரிவது. மற்றொன்று, அது எவ்விதமான சீதோஷ்ணத்தை விரும்புகிறதென்று தெரிவது. முக்கியமாக, மலையில் செழித்து நிற்கும் மரத்தைக் கண்டு ஆசைப்பட்டுச் சமவெளியில் நட விரும்புவோர் இவ்விரண்டையும் கவனிக்கவேண்டும்.

மரங்களை வகுக்கும் முறை

மரங்களை வகுத்துப் பார்க்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. உள்ளே வயிரமுடையவற்றை மரமென்றும், புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் தொல்காப்பியம் பிரித்துக் கூறுகிறது. அதன்படி வேம்பும் புளியும் மரம். பனையும் தென்னையும் மூங்கிலும் புல். இக்காலத்துத் தாவர சாஸ்திரம் இருவித்திலைத் தாவரமென்றும் ஒருவித்திலைத் தாவரமென்றும் செய்யும் பிரிவுக்கு இது பெரும்பாலும் ஒத்திருக்கிறது. மேலும் வேங்கையைக் குறிஞ்சிக்கும், கொன்றையை முல்லைக்கும், மருதை மருதத்துக்கும், புன்னையை நெய்தலுக்கும் உரியதாக முன்னோர் வைத்தது, மரத்துக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை அவர்கள் நன்கு கண்டிருந்தார்கள் என்பதைக் காட்டும்.

இக்காலத்தில் உலகமெங்கும் வழங்கும் முறையைச் சுவீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் அறிஞர் 1753-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். இம்முறையில் ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு சொற்களாலான பெயர் உண்டு. முதற்சொல் பேரினத்தையும், இரண்டாஞ்சொல் இனத்தையும் குறிக்கும். நெருங்கிய பேரினங்கள் பல சேர்ந்தது ஒரு குடும்பம். பூவும், காயும், விதையும் அமைந்திருக்கும் விதத்தைக் கொண்டே பெரும்பாலும் இவ்வகுப்பு செய்யப்படுகிறது. இலையின் தோற்றத்தை மாத்திரம் நம்புவது தவறு. சவுக்கு மரத்தைப் பார்த்தவர் அதனை ஊசியிலை மரமென்று எண்ணக்கூடும். உண்மையில் ஊசியிலை மரங்களாகிய பைன், தேவதாரு முதலியவை கனிக்குள் விதையை மூடிவைக்காத, பூவாத வகுப்பைச் சேர்ந்தவை. சவுக்கோ பூத்துக் காய்க்கும் வகுப்பைச் சேர்ந்தது. அதன் ஊசிகள் இலைகளல்ல, பசிய சிறு கிளைகளே. இலைகள் அக்கிளைகளின் கணுக்களில் நுண்ணிய செதில்களாக இருக்கின்றன.

சென்னை மாகாணத்தின் தாவரங்களை ஜே. எஸ். காம்பிள் என்பவர் வகுத்தெழுதத் தொடங்கிய பெருநூல் 1915 முதல் 1936 வரையில் பகுதி பகுதியாக வெளிவந்தது. அவருக்குப் பின் சி. இ. சி. பிஷர் அதனை முடித்தார். பின்னர் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியின் ராபினட் தாவரசாலையிலிருந்து கே. எம். மாத்யூ என்பவர் சேர்வராயன் மலை, கொல்லிமலை முதலியவற்றின் தாவரங்களை நேரிற் சேகரித்து ஆராய்ந்து, 1981 முதல் விரிவான நூல்களாக வெளியிட்டார். இந்த ஜில்லாக்களின் மரங்களைப்பற்றி அறிய விரும்புவோருக்கு இவை ஆதாரமாயிருக்கின்றன.

ஊர்ப்பெயரால் வரும் மயக்கம்

ஊர்ப்பெயர்கள் இனிமையானவை, ஆனால் கன்று வாங்கும்பொழுது அவற்றை மாத்திரம் நம்பலாகாது. நீலகிரியின் உச்சிகளில் செந்நிறப் பூக்களுடன் நிற்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தைக் காட்டுப்பூவரசு என்பர். அதற்கும், சமவெளியிலும் கடற்கரையிலும் வளரும் பூவரசுக்கும் குடும்ப உறவு யாதுமில்லை. காப்பித் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தைச் சில இடங்களில் மலைச்சவுக்கு என்று சொல்வதுண்டு. அது சவுக்குமன்று, ஓக்குமன்று.

இவற்றைக்காட்டிலும் நஷ்டம் விளைவிக்கக்கூடிய மயக்கம் மலைவேம்பைப்பற்றியது. மீலியா டூபியா என்னும் மரமும், மீலியா அஸடராக் என்னும் மரமும் ஆகிய இரண்டையும் மலைவேம்பு என்று அழைக்கிறார்கள். ஒட்டுப்பலகைக்கும் காகிதக் கூழுக்கும் குடியானவர்கள் வளர்ப்பது முதலாவது. அது பருத்து நெடிதுயர்ந்து வளரும், பூ வெண்மையானது, காய் பெரியது. இரண்டாவது அவ்வளவு உயர்வதில்லை, பூ ஊதா நிறமானது, காய் சிறியது. கன்றுப் பருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருப்பதால், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை நட்டவர் சில வருஷங்கள் கழித்தே உண்மையை அறிவர். ஆகவே கன்று வாங்கும்போது சாஸ்திரப் பெயரைக் கேட்டு எழுதி வாங்குதல் வீண் படாடோபமன்று. பணத்தைக் காக்கும் வழியாகும்.

உயரமும் உஷ்ணமும்

சமுத்திர மட்டத்திலிருந்து உயரம் ஏற ஏற உஷ்ணம் குறைகிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி சென்டிகிரேட் குறையுமென்பது பொதுக்கணக்கு. சேலம் நகரம் ஏறக்குறைய 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 4,900 அடி உயரத்தில் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 4,000 அடி. எனவே சேலத்தில் சித்திரை வெயில் 38 டிகிரியாயிருக்கும் நாளில் ஏற்காட்டில் 30 டிகிரி அளவிலேயே இருக்கும். இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்லும் பிரயாணிக்கு இந்த 8 டிகிரி ஒரு சுகம்; மரத்துக்கோ அது உயிர்வாழ்வுக்குரிய எல்லை.

காரணம் யாதெனில், மரமும் மனிதனைப்போல இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகல் வெளிச்சத்தில் இலைகள் உண்டாக்கிய உணவில் ஒரு பாகத்தைச் சுவாசத்திற்காகச் செலவழிக்கிறது. இரவு உஷ்ணமாயிருந்தால் இச்செலவு மிகுதியாகும். குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய மரம், சேலம் சமவெளியின் வெப்பமான கோடை இரவுகளில் வரவுக்கு மிஞ்சிய செலவு செய்து இளைத்துப்போகிறது. இதனுடன் வறண்ட காற்று இலைகளிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. வேர்கள் அதற்கு ஈடாக நீர் தரமுடியாவிட்டால் இலை கருகி, நுனி காய்ந்து, நலிந்த மரத்தைத் தண்டு துளைக்கும் பூச்சிகளும் பற்றிக்கொள்ளுகின்றன.

மழையும் உயரத்தைப் பொறுத்து மாறுகிறது. சேலத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை, ஏற்காட்டில் 1,500 மில்லிமீட்டருக்கு மேற்படுகிறது. நாமக்கல் சமவெளியில் சேலத்தினும் குறைவு. மேலும் மலையுச்சியில் மூடுபனி அடிக்கடி தங்குவதால், மழையில்லாத நாட்களிலும் இலைகள் ஈரமாயிருக்கின்றன.

அடிவாரம் முதல் உச்சி வரை

சேர்வராயன் மலையிலோ கொல்லிமலையிலோ அடிவாரத்திலிருந்து மேலே நடந்து செல்பவர், மரங்கள் படிப்படியாக மாறுவதைக் கண்கூடாகக் காணலாம்.

முதற்படி, அடிவாரத்து முட்காடு. வெள்வேல், உசில், புரசு முதலியவை இங்கே உரியவை. இலைகள் சிறியவை, முட்கள் மிகுந்தவை, வேர்கள் ஆழமானவை. சிறிய மழையையும் பயன்படுத்திக்கொண்டு, நீண்ட வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை இம்மரங்களுக்கு உண்டு.

இரண்டாம்படி, இலையுதிர்காடு. ஏறக்குறைய 1,500 அடி முதல் 3,000 அடி வரையில் வேங்கை, தான்றி, கடுக்காய், வெக்காலி, ஈட்டி, மூங்கில் முதலியவை காணப்படும். சந்தனமும் இப்பகுதிகளில் இயற்கையாக வளருகிறது. மாசி, பங்குனியில் இம்மரங்களிற் பல இலையை உதிர்த்துவிட்டு நிற்பதைப் பார்த்துக் காடு காய்ந்துவிட்டதென்று எண்ணக்கூடாது. நீர் குறைந்த காலத்தில் செலவைக் குறைத்துக்கொள்ளும் உபாயமே அது.

மூன்றாம்படி, பசுமை மாறாத சோலை. உயர்ந்த பள்ளத்தாக்குகளிலும், ஓடையோரங்களிலும், கோயிற் காவுகளிலும் நாவல் இனங்கள், காயா இனங்கள், இலவங்கத்தின் உறவினமான மரங்கள் முதலியவை வருஷமுழுவதும் இலையுடன் நிற்கின்றன. கொல்லிமலையின் ஈரமான காடுகளில் கருங்குங்கிலியமும் உண்டு. மக்கள் வளர்க்கும் பலாவும், காப்பியும், மிளகும் இப்படியையே விரும்புகின்றன.

இம்மூன்று படிகளும் கோடு கிழித்தாற்போற் பிரிந்திருப்பன அல்ல. வெயில் நேராக விழும் சரிவில் முட்காடு மேலேறும். நிழலும் ஈரமுமுள்ள பள்ளத்தில் சோலை கீழிறங்கும்.

இன்னும் உயர்ந்த மலைகள்

சேர்வராயன் மலையின் உச்சி 5,300 அடியைச் சற்றே கடக்கிறது. இதைவிட உயர்ந்த நீலகிரி, பழனி மலைகளில் 5,000 அல்லது 6,000 அடிக்கு மேல் வேறொரு காட்சி உண்டு. அங்கே குட்டையான, அடர்ந்த குடைபோன்ற தலையும், தடித்த சிறிய இலையும் உடைய சோலைமரங்கள் பள்ளங்களில் நிற்க, மேடுகள் புல்வெளியாக இருக்கின்றன. மார்கழி, தையில் திறந்த வெளியில் உறைபனி படிவதால் இளங்கன்றுகள் அங்கே பிழைப்பது அரிது. சோலைக்குள்ளே மரங்களின் மூடாக்கு உறைபனியைத் தடுக்கிறது. காட்டுப்பூவரசு போன்ற சில மரங்களே வெளியில் நின்று அப்பனியைப் பொறுக்கின்றன.

இமயமலையில் இப்படிகள் இன்னும் நீளும். 3,000 முதல் 6,000 அடி வரையில் சீர் பைன், அதற்குமேல் தேவதாரு, அதற்குமேல் பிர் மரமும் பூர்ஜ மரமும் வளர்ந்து, ஏறக்குறைய 12,000 அல்லது 13,000 அடிக்கு மேல் மரமே வளராத எல்லை வருகிறது. தென்னாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி 8,842 அடியே உடையதாதலால் அவ்வெல்லை இங்கே இல்லை. ஓக் குடும்பத்து மரங்கள் இமயத்தில் மிகுந்திருந்தும் தென்னாட்டு மலைகளில் இயற்கையாக இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

ஒரே குடும்பம், வெவ்வேறு விருப்பம்

குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் சீதோஷ்ணமும் தெரிந்துவிடும் என்று நினைத்தல் கூடாது. வேம்பின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். வேம்பு, நாமக்கல் சமவெளியின் வெயிலில் பண்ணாமலே வளரும். 3,000 அடிக்கு மேல் அதன் செழிப்பு குன்றிவிடும். உறைபனியை அது தாங்காது. அதே குடும்பத்துச் சந்தனவேம்பு ஈரமான மலைப்பள்ளத்தாக்குகளை விரும்பும். மலைவேம்பு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் சொந்த இடம் மழைமிகுந்த மலைக்காடு. ஆயினும் உஷ்ணத்தைப் பொறுக்கும். அதற்கு வேண்டியது குளிரன்று, ஈரம். ஆழமான, நீர் தேங்காத மண்ணும், கிணற்றுப் பாசனமும் உள்ள சமவெளியில் அது ஏழெட்டு ஆண்டுகளில் ஒட்டுப்பலகைக்கு ஏற்றதாகப் பருக்கக்கூடும். வானம்பார்த்த செவ்வல் கரட்டில் நட்டால் அது குச்சியாகவே நிற்கும்.

தைலமரத்திலும் இப்படியே. நீலகிரியில் தைலம் வடிப்பதற்குப் பயன்படுவது யூகலிப்டஸ் குளோபுலஸ், குளிர்ந்த உயர்நிலத்துக்குரியது. சமவெளியில் காகித ஆலைகளுக்கென்று பயிரிடப்படுவது யூகலிப்டஸ் டெரெட்டிகார்னிஸ் முதலிய வேறு இனங்கள். பேரினம் ஒன்றே, இனம் வேறு, சீதோஷ்ணமும் வேறு. மாறாக, சாவகத் தீவின் உயர்ந்த எரிமலைச் சரிவுகளுக்குரிய ஜுங்குனியானா என்னும் சவுக்கினம் தமிழ்நாட்டுச் சமவெளியிலும் வளருகிறது. ஆகையால் மலையில் பிறந்ததெல்லாம் சமவெளியில் பிழைக்காது என்பதும் விதியன்று. ஒவ்வோரினத்தையும் தனித்தனியே விசாரித்தறிவதே முறை.

சில்வர் ஓக்

ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் சென்று திரும்பும் குடியானவரின் மனத்தைக் கவரும் மரம் இதுவே. நேராக உயர்ந்த தண்டும், பெரணி போன்ற இலையும், அவ்விலையின் அடிப்புறத்து வெள்ளி நிறமும், அதன்மேல் படர்ந்த மிளகுக்கொடியும் கண்டவர் தமது வரப்பிலும் இதனை நட விரும்புவது இயல்பு. இதன் சாஸ்திரப் பெயர் கிரெவில்லியா ரொபஸ்டா. 1830-ம் வருஷத்தில் ராபர்ட் பிரவுன் என்பவரால் வருணிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரைப் பகுதி இதன் பிறப்பிடம். மரத்தின் ரேகை ஓக் பலகையை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்தது. காப்பிக்கும் தேயிலைக்கும் நிழலுக்காக 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவரப்பட்டது.

வருஷச் சராசரி உஷ்ணம் ஏறக்குறைய 14 முதல் 23 டிகிரி வரையில் உள்ள இடங்களே இதற்கு உகந்தவை. சேர்வராயன் மலையின் மேற்பகுதி இவ்வளவுக்குள் அடங்கும். சேலம் சமவெளியின் சராசரியோ 27, 28 டிகிரி. சமவெளியில் நீர் ஊற்றி வளர்த்தால் மரம் சில ஆண்டுகள் நிற்கும். அழகுக்காக ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பலகைக்கென்று ஏக்கர் கணக்கில் நட்டு, மலையில் கிடைக்கும் பருமனை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

காக்பர்ன் காலத்துப் பாடம்

1820 முதல் 1829 வரையில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் ஏற்காட்டில் காப்பி, பேரி, ஆப்பிள் முதலியவற்றைக் கொண்டுவந்து பயிரிட்டார். அவற்றுள் காப்பி வேரூன்றி மலையின் தொழிலாகவே ஆகிவிட்டது. பேரியும் நிலைத்தது. ஆப்பிள் அவ்வாறு நிலைக்கவில்லை. இதன் காரணம் உஷ்ண மிகுதி மாத்திரமன்று, குளிர்ப் பற்றாக்குறை. ஆப்பிளின் பெரும்பாலான வகைகள் குளிர்காலத்தில் உறங்கி எழவேண்டும். அவ்வுறக்கம் கலைவதற்கு 7 டிகிரிக்குட்பட்ட குளிர் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் வேண்டியிருக்கிறது. ஏற்காட்டில் மார்கழியிலும் அக்குளிர் நிலைத்து நிற்பதில்லை. பேரியில் குறைந்த குளிரோடு திருப்தியடையும் வகைகள் உண்டு. ஒரே மலை, ஒரே மண், ஒரே கவனிப்பு. ஆயினும் ஒன்று பலித்தது, ஒன்று பலிக்கவில்லை.

மலைமரமும் சமவெளி நீரும்

மலையிலுள்ள மரம் மலையிலேயே நிற்பதால் சமவெளியாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிக் காவிரியில் கலக்கின்றன. ஐயாறு கொல்லிமலையில் பிறக்கிறது. மலைச்சரிவில் மரவேரும் சருகும் உள்ளவரையில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கி மெல்ல ஊற்றாகக் கசிகிறது. அவை அழிந்தால் நீர் ஒரே நாளில் மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடி, ஏரியைத் தூர்த்துவிடும்.

ஆயினும் எந்த மரமானாலும் போதும் என்பது சரியன்று. நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நடத்திய ஆராய்ச்சியில், ஒன்றின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் குளோபுலஸ் நட்ட பின்னர், முதற் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வரும் நீர் ஏறக்குறைய 16 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். மலைக்கு உரிய மரத்தை மலையில் காப்பதும், சமவெளிக்கு உரிய மரத்தைச் சமவெளியில் வளர்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாகங்களாகும்.

நடுவோர் கவனிக்கவேண்டியவை

1. வானம்பார்த்த புன்செய் வரப்புகளுக்கு வேம்பு, புளி, உசில், வெள்வேல், பனை ஏற்றவை.

2. ஓடைக்கரைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் மருது, நாவல் ஏற்றவை.

3. ஆழமான மண்ணும் நிச்சயமான பாசனமும் உள்ளவர் மலைவேம்பு, தேக்கு வளர்க்கலாம். கோடையில் கிணறு வற்றும் இடத்தில் மலைவேம்பைத் தொடக்கூடாது.

4. சில்வர் ஓக், காப்பி, மிளகு ஆகியவற்றின் சேர்க்கையை 3,000 அடிக்கு மேற்பட்ட நிலமுடையவர் மாத்திரம் மேற்கொள்ளுவது நலம்.

5. புதிய மரம் எதுவாயினும் முதலில் பத்துக் கன்று நட்டு, இரண்டு கோடை பார்த்த பின்னரே அதிகப்படுத்தவேண்டும். முதற்கோடையில் பிழைப்பது நீர் ஊற்றியவனுடைய சாமர்த்தியம்; இரண்டாங் கோடையில் தழைப்பதே மரத்தின் சம்மதம்.

கிராம வாசகசாலைகளில் கேட்கத்தக்க வினாக்கள்

1. சவுக்கு ஏன் ஊசியிலை மரமாகாது?

2. சமுத்திர மட்டத்திலிருந்து 600 அடி உயரமுள்ள ஒரு கிராமத்துக்கும் 3,600 அடி உயரமுள்ள ஒரு மலைக்கிராமத்துக்கும் உஷ்ணத்தில் எத்தனை டிகிரி வித்தியாசம் இருக்கும்?

3. மலைவேம்பு என்னும் ஒரே பெயருடைய இரு மரங்களைப் பூவினாலும் காயினாலும் எவ்வாறு பிரித்தறியலாம்?

4. இவ்வூரின் ஏரிக்கு நீர் எந்த மலையிலிருந்து வருகிறது? அம்மலையில் இப்பொழுது நிற்கும் மரங்கள் யாவை?